வடக்கு அறையை ஒதுக்கிய விதம்

பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆராய்ச்சிப் பிரிவு வானகரத்தில் இயங்கிய கட்டடம் ஒரு காலத்தில் பம்புசெட்டுக் கிடங்காக இருந்தது. நகரத்து வளாகத்தில் இடமில்லை என்று துறையின் பாதியை இங்கே தள்ளிவிட்டார்கள். இங்கேயும் இடமில்லை. ஒட்டுப்பலகையால் தடுத்துத் தடுத்து, ஒருவர் உள்ளே நுழைந்தால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய அளவில் அறைகள் செய்திருந்தார்கள். எந்த அறை யாருக்கு, எந்த மேஜை யாருக்கு என்று முடிவு செய்கிற பொறுப்பு பேராசிரியர் தேவராஜிடம் இருந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைத் தாசில்தார் என்பார்கள். அது அவருக்கும் தெரியும். கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

நியாயமான மனிதர்தான், குறை சொல்வதற்கில்லை. ஒரே அறையில் ஏழு பேர் படுத்த வீட்டிலிருந்து படித்து வந்தவர். ஒருவருக்கு ஒரு மேஜை, ஒரு அலமாரி என்பது அவர் போட்ட சட்டம். சிபாரிசு பிடித்து வந்தவர்களிடமும் அதையே சொன்னார், கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர்களிடமும் அதையே சொன்னார். அவர் மேஜையும் மற்றவர்கள் மேஜையும் ஒரே நீளம்தான். இதைப் பற்றி அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு. பெருமைப்படுகிற இடத்தில்தானே மனிதன் வழுக்கி விழுவான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், அவர் மூன்று வருஷமாக எழுதி எழுதிக் கேட்ட அளவுக் கருவி ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தது. இலைச் சாற்றில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று நொடியில் சொல்லும் கருவி. பெரிய மரப்பெட்டிக்குள் அது நடைவழியில் உட்கார்ந்திருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் முட்டியை இடித்துக்கொண்டார்கள். குளிர்சாதன வசதியும் தூசி புகாத அறையும் வேண்டும், வருஷ முடிவுக்குள் பொருத்தாவிட்டால் கம்பெனிக்காரன் பொறுப்பேற்க மாட்டான். அந்தக் கட்டடத்தில் அதற்கு ஏற்ற அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாடியில் வடக்குக் கோடியில். அந்த அறையில் ஜெயசீலி இருந்தாள்.

ஜெயசீலி ஆவடிப் பெண். முனைவர் பட்டத்துக்காக செம்பரம்பாக்கம் ஏரிப் பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஒரு சொட்டு ஏரித் தண்ணீரில் எத்தனையோ வகைப் பாசி இருக்கும். அதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, வேறு எதுவும் கலக்காமல் குடுவையில் வளர்ப்பதற்கு மாதக் கணக்கில் பொறுமை வேண்டும். அப்படிப் பிரித்தெடுத்த பாசிகளைப் பஞ்சடைத்த கண்ணாடிக் குடுவைகளில் வடக்கு ஜன்னல் ஓரமாக வரிசையாக வைத்திருந்தாள். நேர் வெயில் படாமல் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் அங்கேதான் கிடைத்தது. அதில் ஒன்று இதுவரை யாரும் பார்க்காத வகை என்று அவளுக்குச் சந்தேகம். அடுத்த மார்ச்சுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். உதவித்தொகை அத்துடன் நின்றுவிடும். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அந்த அறையை அவளுக்குக் கொடுத்ததே தேவராஜ்தான். "நீ தீசிஸ் குடுக்கிற வரைக்கும் உன்னை இங்கருந்து யாரும் அசைக்க முடியாது" என்று சொல்லியிருந்தார். ஒருமுறை அவள், "சார், பக்கத்து ரூம் அலமாரில ஒரு தட்டு மட்டும் குடுங்க. எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு எடுத்து அங்க தனியா வெச்சிக்கறேன். இங்க ஏதாவது ஆச்சுன்னா அது இருக்கும்" என்று கேட்டாள். அதற்கு அவர் தன் சட்டத்தைச் சொன்னார். அவளும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் சண்டை போடுகிறவள் இல்லை.

துறைத் தலைவி லோகநாயகி அம்மாள்தான் ஜெயசீலிக்கு ஆய்வு வழிகாட்டி. அதனாலேயே அவர் ஒதுங்கிக்கொண்டார். "நான் என் ஸ்டூடண்ட் பக்கம் பேசினா நாலு பேர் நாலு விதமா சொல்லுவாங்க. ரூம் விஷயம் உங்க விஷயம். நீங்களே முடிவு பண்ணுங்க தேவராஜ்" என்றார். கருவியும் தேவராஜுடையது, தீர்ப்பும் தேவராஜுடையது என்று ஆனது. அவர் ஒரு மாதமாக எந்த முடிவும் எடுக்கவில்லை. தினமும் மரப்பெட்டியில் முட்டியை இடித்துக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. அந்தக் கட்டடத்தில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரு திருவிழா மாதிரி இருக்கும். அறைகளை எல்லாம் கழுவி, நுண்ணோக்கிகளைத் துடைத்து, கண்ணாடிச் சாமான்களைச் சோப்பு போட்டு அலம்பிக் கவிழ்த்து, காய்ந்ததும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எதைக் கழுவலாம், எதைத் தொடக்கூடாது என்று ஊழியர்களோடு அறை அறையாகப் போய்ச் சொல்வதும் தேவராஜின் வேலை. இடத்துக்குப் பொறுப்பானவர் அவர்தானே.

அன்று மத்தியானம் ஜெயசீலி பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், நான் கிளம்பறேன். அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். கழுவும்போது என் பாட்டில்களை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க சார். புது அட்டெண்டர் வந்திருக்காரு, அவருக்குத் தெரியாது."

"நான் இருக்கேன்ல. நீ நிம்மதியா போய்ட்டு வாம்மா" என்றார் தேவராஜ். அதைச் சொன்னபோது மனதாரத்தான் சொன்னார்.

புது அட்டெண்டர் பெயர் துலுக்கானம். பல்கலைக்கழக நூலகத்தில் வருஷக் கணக்காகத் தூசி தட்டிவிட்டு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் இங்கே மாற்றலாகி வந்திருந்தான். அழுக்கைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. வாளியும் துடைப்பமுமாக ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று கேட்டான், தேவராஜ் பதில் சொன்னார். அந்தப் புட்டியைத் தொடாதே, அந்தத் தராசைத் துணியால் மட்டும் துடை, அந்த அலமாரியைத் திறக்காதே. சரியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். நடைவழியில் மரப்பெட்டியைச் சுற்றிக்கொண்டு மாடியேறி இருவரும் வடக்கு அறைக்கு வந்தார்கள்.

துலுக்கானம் ஜன்னலைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தான். "இன்னா சார் இது, பாட்டிலு பூரா பாசி புடிச்சி கீது. தண்ணியே மாத்தல போல. இத்தயும் கழுவிரட்டா?"

தேவராஜ் குடுவைகளைப் பார்த்தார். பச்சை, இளம்பச்சை, ஓரத்தில் ஒன்று நீலம் கலந்த பச்சை. அவருக்கு எதுவும் மறந்துவிடவில்லை. ஜெயசீலியின் முகம் நினைவுக்கு வந்தது, அவளிடம் சொன்ன வார்த்தையும் வந்தது. கூடவே அந்த அறை காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதும் வந்தது. கருவி எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்றுகூட ஒரு கணம் தெரிந்தது.

"எல்லாத்தையும் கழுவிடு" என்றார்.

சொல்லிவிட்டு நிற்கவில்லை. அடுத்த அறைக்கும் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பூந்தமல்லியில் இருந்த தன் வீட்டுக்குக் கிளம்பினார்.

வேலப்பன்சாவடி தாண்டும்போது வேகத்தைக் குறைத்தார். வண்டியை ஓரம் கட்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார். கேட்டு முடித்தபின் துலுக்கானம் கழுவுவதைக் கீழ்த்தளத்திலிருந்துதான் ஆரம்பிப்பான், மாடிக்கு வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். இப்போது திரும்பினால் தடுத்துவிடலாம். டீக்கடையிலேயே டெலிபோன் இருந்தது. ஒரு ரூபாய் போட்டு, "துலுக்கானம், அந்த ரூமைத் தொடாதே" என்று சொன்னால் முடிந்தது. டீயைக் குடித்தார். இன்னொரு டீ சொன்னார். 'நான் பொதுவாகத்தானே சொன்னேன், அவனுக்கே தெரியாதா' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அதை அவரே நம்பவில்லை. இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் செய்த தப்பு அந்த ஒரு வார்த்தையில் இல்லை, இந்த இரண்டு டீயில்தான் இருந்தது என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் சொல்வேன். வாய் தவறும், ஆனால் உட்கார்ந்துகொண்டிருப்பது தவறி நடப்பதில்லை.

வீட்டில் மனைவி நாகவல்லி பொரியும் கடலையும் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். "ஸ்கூட்டரைக் கழுவிக் குடுங்க, பொட்டு வெக்கணும்" என்றாள். அவர் வண்டியைக் கழுவினார். மறுநாள் பூஜையில் தட்டைத் தொட்டுக் கும்பிடுவதற்குக் கூசியது.

விஜயதசமி முடிந்து எல்லோரும் வந்தார்கள். துலுக்கானம் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயசீலியை அவனே வடக்கு அறைக்குக் கூட்டிப்போனான்.

"வா தாயி, வந்து பாரு. உன் ரூமுதான் இந்த கட்டடத்துலயே ஜோரா கீது. தேச்சிகினே இருந்தேன், அந்தப் பச்ச போவவே மாட்டேன்னுச்சி."

குடுவைகள் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். பஞ்சை எல்லாம் எடுத்துவிட்டு குடுவைக்கு ஒரு சாமந்தி செருகியிருந்தான். ஜெயசீலி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் ஏதாவது கத்தியிருந்தால் தேவராஜுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"யாரு சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

துலுக்கானம் வாசலில் நின்ற தேவராஜைத் திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்த அந்த நொடியில் தேவராஜ் முந்திக்கொண்டார்.

"உனக்கு அறிவு இருக்காய்யா? ஒரு வார்த்தை கேக்க மாட்டே? மூணு வருஷ உழைப்பு அது!"

துலுக்கானத்தின் வாய் திறந்தது. "இல்ல சார், நான் உங்கள..." என்று ஆரம்பித்தான். தேவராஜின் முகத்தில் என்ன பார்த்தானோ, வாயை மூடிக்கொண்டான். இருபது வருஷம் அரசாங்கக் கட்டடங்களில் வேலை பார்த்தவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

"அவரைத் திட்டாதீங்க சார்" என்றாள் ஜெயசீலி. "அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கணும். நீங்க பாத்துக்குவீங்கன்னு உங்க தலையில கட்டிட்டுப் போனேன். நீங்க மட்டும் எத்தனை ரூமைப் பாப்பீங்க?"

அவருக்காக அவளே சமாதானம் சொன்னாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தேவராஜ் நினைத்தார். நினைத்ததோடு சரி.

லோகநாயகி அம்மாள் கோபத்தில் துலுக்கானத்துக்கு மெமோ கொடுத்தார். அவனும், கேட்காமல் கழுவியது தன் தவறுதான் என்று யாரையோ எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். அடுத்த வாரம் துறைக் கூட்டத்தில் ஜெயசீலியே எழுந்து, "எனக்கு இனிமே அந்த ரூம் தேவையில்ல. சாரோட மெஷினுக்கு எடுத்துக்கட்டும்" என்றாள். ஒரு மாதச் சிக்கல் ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. யார் மனமும் புண்படாமல் தேவராஜ் காரியத்தை முடித்துவிட்டார் என்று ஒருவர் பாராட்டினார். மேஜை தட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தார்கள்.

வடக்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, குளிர்சாதனம் பொருத்தினார்கள். கருவி உள்ளே போனது. இனி நடைவழியில் யாருக்கும் முட்டி இடிக்காது. தேவராஜ் மட்டும் அந்த இடம் வரும்போது வழக்கம்போல் சுற்றிக்கொண்டு போனார். புதுக் கருவியில் முதல் இலைச் சாற்றை வைத்துப் பார்த்தபோது எண்கள் அழகாக வந்தன. அவருக்கு அந்த அறையில் நிற்கவே முடியவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வீட்டில் சோறு இறங்கவில்லை. "என்னன்னு சொன்னாத்தானே தெரியும்" என்று நாகவல்லி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் காலையில் கிளம்புவார். கட்டடத்துக்குள் துலுக்கானம் எதிரே வந்து, "வணக்கம் சார்" என்று ஒதுங்கி வழி விடுவான். அதற்கு முன்பெல்லாம் அவன் ஒதுங்குகிறவன் இல்லை, கூடவே பேசிக்கொண்டு வருகிறவன். குடுவை கழுவுகிற வேலையை அவன் வேறு ஆளிடம் விட்டுவிட்டான். கண்ணாடியைத் தொடுவதில்லையாம்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் காலை, ஜெயசீலி தேவராஜின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். சேலைக் கரை நனைந்திருந்தது. கூடையில் ஈரத்துணி சுற்றிய புட்டிகள்.

"செம்பரம்பாக்கத்துக்குப் போய்ட்டு வரேன் சார். ஏரி நெறைய தண்ணி. மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிக்கலாம்னு பாக்கறேன். மார்ச்சுல முடியாது, தெரியும். ஸ்டைபெண்ட் இல்லாம டியூஷன் எடுத்தாவது பாத்துக்கறேன். அந்த மாப்பிள்ளை வீட்டுல காத்திருக்க முடியாதுன்னுட்டாங்க, அது ஒரு விதத்துல நல்லதுதான்" என்று சிரித்தாள். "அந்த ரூமைத் திருப்பிக் கேக்க வரல சார். வெளிச்சம் இருக்கிற ஒரு மூலை போதும். உங்க கண்ணு படற மாதிரி குடுங்க. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

கூடையை அவர் மேஜை மேல் வைத்தாள். மறுபடியும் அவரிடமே.

தேவராஜ் அந்தக் கூடையைத் தொடவில்லை. "என்னை நம்பி வெக்காதம்மா" என்றார். "அன்னைக்கு துலுக்கானம் என்னைக் கேட்டான். பாசி புடிச்ச பாட்டிலையும் கழுவட்டுமான்னு. நான்தான் எல்லாத்தையும் கழுவச் சொன்னேன்."

ஜெயசீலி புட்டிகள் மேல் ஈரத்துணியை இழுத்து விட்டாள். "ஏதோ ஞாபகத்துல சொல்லியிருப்பீங்க சார்" என்றாள்.

அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கலாம். அவளே கயிறு போட்டாள்.

"இல்லம்மா. பாத்துட்டுத்தான் சொன்னேன். என் மெஷினுக்கு இடம் வேணும்னு சொன்னேன்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று அவருக்குத் தெரியவில்லை. "துலுக்கானத்துக்கு மெமோ குடுத்தாங்களே" என்றாள்.

"ஆமாம்."

"அப்பவும் நீங்க சொல்லல."

"சொல்லல. மெஷினை நாளைக்கே தூக்கி வெளிய வெச்சிடறேன். செங்கல்லை இடிச்சிட்டு ஜன்னலைத் திறந்து தரேன். அந்த ரூம் உன்னுது."

"வேணாம் சார்." அவள் கூடையை எடுத்துக்கொண்டாள். "நீங்க குடுக்கிற இடம் எனக்கு வேணாம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போய்விட்டாள். தேவராஜ் எழுந்து பின்னாலேயே நடந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டு திரும்புகிற இடத்தில் அகலமான ஜன்னல் ஒன்று இருந்தது. துறையில் துலுக்கானத்துக்கு என்று மேஜையோ அலமாரியோ கிடையாது. அந்த ஜன்னல் திட்டில்தான் அவன் டிபன் பாக்ஸை வைத்திருப்பான், கீழே ஒரு பழைய ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கட்டடத்தில் ஒவ்வொரு அடிக்கும் கணக்கு வைத்திருந்த தேவராஜ், அதை ஒரு இடம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"அண்ணே, இதை இங்க வெச்சிக்கட்டுமா?" என்று ஜெயசீலி கேட்டாள்.

துலுக்கானம் பதறி எழுந்தான். "என்னாண்டயா தாயி? நான் தொட்டா அது உருப்படுமா?"

"நீங்க கேட்டுட்டுத்தான தொட்டீங்க. சார் இப்பதான் சொன்னாரு."

துலுக்கானம் படியில் நின்ற தேவராஜைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். "சொல்ட்டாரா" என்றான். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக் கீழே வைத்தான். திட்டைத் துண்டால் துடைக்கப் போனவன் நிறுத்தி, "தொடைக்கலாமா?" என்று அவளைக் கேட்டான். அவள் சரி என்றதும் துடைத்தான். அவள் ஒவ்வொரு புட்டியாக எடுத்துக் கொடுக்க, அவன் இரண்டு கையாலும் வாங்கி வரிசையாக வைத்தான்.

"துலுக்கானம்" என்றார் தேவராஜ். "நான் இப்பவே மேடம்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லி, அந்த மெமோவை..."

"அது அப்பால சார்" என்றான் துலுக்கானம், திரும்பாமலே. "நீங்க மொதல்ல கொஞ்சம் அப்டி தள்ளி நில்லுங்க. பாட்டிலு மேல வெளிச்சம் வுழல."

தேவராஜ் ஒரு படி இறங்கினார். நிழல் இன்னும் புட்டிகள் மேல்தான் இருந்தது. இன்னும் இறங்கினார்.